மருதாணி விரலும் உன் பச்சை விளக்கும்

அன்பு மகனே,

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு போனவனை என்னால் காக்க முடியாது என்பதால் அவரிடமே ஒப்படைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நேரில் பேசினால் எழுந்து போகிறாய். விடுதிக்குப் போன் செய்தால் லேபில் இருக்கிறான் என்கிறார்கள். லேபுக்குச் செய்தால் இப்போதுதான் விடுதிக்குக் கிளம்பினான் என்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நீ குடியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் உன் அப்பாவிடமே கொடுத்து அனுப்புகிறேன். அவர் உன் கையில் கொடுத்து, நீ படித்து முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். அவருக்கு நடக்கச் சிரமம் என்பது உனக்குத் தெரியும். அம்பத்தூரில் ரயில் பிடித்து வருகிறவரை நிற்கவைக்காதே.

உனக்குத் தெரிந்ததையும் எழுதுவேன், பல்லைக் கடிக்காதே. முதல் வரியிலிருந்து எழுதினால்தான் எனக்குக் கணக்கு நேராகும். வெள்ளிக்கிழமை உன் கட்டுரை வெளிநாட்டுப் பத்திரிகைக்குப் போகிறது. அது போனால் அந்த ஊர்ப் பேராசிரியர் உன்னைத் தன் லேபுக்கு எடுத்துக்கொள்வார், அடுத்த மாதம் நீ விமானம் ஏறுவாய். இதற்காக நான் எத்தனை சனிக்கிழமை ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தேன் என்று மாதாவுக்குத் தெரியும். அந்தக் கட்டுரையைத்தான் இப்போது அனுப்பாதே என்கிறேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஞாயிற்றுக்கிழமை உன் முகத்தில் எழுதியிருந்தது.

நான் எட்டாவதோடு நின்றவள். ஆனால் உன் பி.எஸ்ஸி. புத்தகங்களை, நீ தூங்கப்போன பிறகு இல்லை, பட்டப்பகலில், உலை கொதிக்கிற நேரத்தில், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தவள். ஒளி என்றால் என்ன என்பது இன்னும் எனக்கு முழுசாகப் புரியவில்லை. உனக்கும் புரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் உன் கருவி எனக்குப் புரியும். துணிக்கு மாட்டுகிற கிளிப் போல ஒன்று. விரல் நுனியில் மாட்டினால் உள்ளே பச்சை விளக்கு எரியும். இரத்தம் அந்தப் பச்சையைக் குடித்துவிடும். குடித்தது போக மிச்சம் திரும்பி வருவதை அளந்து, குறைவாகத் திரும்பினால் நிறைய இரத்தம், நிறையத் திரும்பினால் சோகை என்று எண் காட்டும். கர்ப்பிணிப் பெண்ணை ஊசியால் குத்தாமல், ஒரு சொட்டுக்கூட எடுக்காமல் சோகையைக் கண்டுபிடிக்கலாம். இதை நீ முதன்முதலில் என் விரலில் மாட்டிக் காட்டியபோது நான் அழுதேன். ‘ஷாக் அடிக்குதாம்மா?’ என்று கேட்டாய். மண்டூகம்.

இதைக் கூட்டு ஆராய்ச்சி என்றார்கள். உனக்கு இரண்டு வழிகாட்டிகள். உன் கல்லூரியில் இயற்பியல் சார், இங்கே பிரசவ ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா. உன் சார் ஒருநாள்கூட அந்த ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததில்லை. டாக்டரம்மாவுக்கு உன் லேப் எந்த மாடியில் இருக்கிறது என்று தெரியாது. கட்டுரையில் யார் பெயர் முதலில் என்று சண்டை வந்த பிறகு அவர்கள் இருவரும் போனில் பேசுவதையும் நிறுத்திவிட்டார்கள். ஐந்து வருஷமாக அவர் சொன்னதை இவரிடமும், இவர் சொன்னதை அவரிடமும் நீதான் கொண்டுபோனாய், கருவியை என் காய்கறிக் கூடையில் துண்டு சுற்றி வைத்துக்கொண்டு மின்சார ரயிலில். ஒரே வீட்டில் பேசிக்கொள்ளாத ஓரகத்திகள்கூட அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பதை வாசனையில் தெரிந்துகொள்வார்கள். உங்கள் கூட்டில் அதுவும் இல்லை. சார் அந்தப் பெண்களைச் ‘சாம்பிள்’ என்பார். நீயும் கற்றுக்கொண்டாய். ‘இன்னிக்கு எத்தனை பேர் வந்தாங்கடா?’ என்று கேட்டால் ‘பன்னிரண்டு சாம்பிள்மா’ என்பாய். சாம்பிளுக்கு வாய் கிடையாது, அதனால் உங்களில் யாரும் அவர்களிடம் எதுவும் கேட்கவில்லை.

கேட்டது ஒரே ஒருத்தி. விரலில் கிளிப் மாட்டி எண்ணைப் பதிவேட்டில் எழுதுகிற ஜெசிந்தா. வீடு பட்டாபிராமில், பூசைக்கு நம் கோயிலுக்குத்தான் வருவாள். ஆஸ்பத்திரி வேலையில் இருபது வருஷம். நர்ஸ் படிப்பு இல்லாததால் உங்கள் கட்டுரையில் அவளுக்கு எந்த வரியும் இல்லை. போன மாதம் பூசை முடிந்து வெளியே வந்தபோது என்னைப் பிடித்துக்கொண்டாள்.

‘இன்னாக்கா, உன் புள்ள என்கிட்ட மூஞ்சி குட்த்தே பேச மாட்டேன்றான். வர்றான், எழுதினத வாங்கினு போய்க்கினே கீறான்.’

‘வேலை ஜாஸ்தி ஜெசிந்தா. வீட்லயும் அப்படித்தான்.’

‘அதுக்கில்லக்கா. அந்த மிசினு பொய் சொல்து. வளைகாப்பு முடிச்சினு வர்துங்க பாரு, கை நெறய மருதாணி வச்சினு, அதுங்களுக்கு மட்டும் ரத்தம் ஜோரா கீதுன்னு காட்டுது. பொண்ணப் பாத்தா வெள்ளக் காயிதம் மாதிரி கீது. ஊசி குத்திப் பாத்தா ஒண்ணியும் இல்ல. நானும் அதுங்க பேராண்ட ஒரு ம போட்டு வச்சினுதான் வர்றேன். ஒர்த்தனும் இது இன்னா ம-னு கேக்கல.’

‘நீயே சொல்ல வேண்டியதுதானே?’

‘சொன்னேனே! “அக்கா, நீங்க எண்ண மட்டும் எழுதுங்க”ன்ட்டான். கைல மருதாணி கீதா, காதுல மாட்டிப் பாரேன்டா, காதுல யாரு மருதாணி வைக்கப் போறாங்கன்னேன். சிரிச்சிட்டுப் பூட்டான்.’

அந்த ‘ம’வை நான் பார்த்திருக்கிறேன். உன் கையெழுத்து கோழி கிளறியது போல இருப்பதால் பதிவேட்டிலிருந்து அட்டவணையை உனக்குச் சுத்தமாக எழுதிக் கொடுத்தது நான்தான். பென்சிலால் சுழித்திருந்த வரிகளைக் காட்டி ‘இதெல்லாம் விட்டுடும்மா, கிராஃப்ல கோட்டை விட்டுத் தள்ளி விழுந்த புள்ளிங்க’ என்றாய். ‘பக்கத்துல என்னமோ எழுதியிருக்கேடா’ என்று கேட்டேன். ‘அது அக்காவோட கிறுக்கல்’ என்றாய். நானும் விட்டுவிட்டேன். மளிகைக் கடைக்காரர் ஒரு வரியை அடித்தால் ஏன் அடித்தீர்கள் என்று நின்று கேட்கிறவள், என் பிள்ளை ஒரு நோட்டு முழுக்க அங்கங்கே அடித்தபோது வாயை மூடிக்கொண்டு எழுதினேன். நீ அடித்தவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பக்கத்தில் ‘ம’ இருந்தது. அந்த வரிகளை எடுத்துவிட்டதால்தான் கிளிப் எண்ணுக்கும் ஊசி எண்ணுக்கும் நீ போட்ட கோடு அவ்வளவு நேராக வந்தது. சார் முதுகில் தட்டினார், நீ பால்கோவா வாங்கிக்கொண்டு வந்தாய். அந்தப் பால்கோவாவை நானும் தின்றேன்.

ஜெசிந்தா சொன்ன பிறகும் உன்மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை. அவள் சொல்வது தவறாக இருக்கலாம் என்று வேண்டிக்கொண்டேன். அதனால்தான் பக்கத்து வீட்டுப் பெண்ணின் வளைகாப்புக்குப் போன இடத்தில் ஒரு கையை நீட்டினேன். மருதாணி அரைத்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். ‘ரெண்டு கையும் குடுங்கக்கா’ என்றார்கள். வேண்டாம், இடது கை மட்டும் போதும் என்றேன். வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா, ‘என்னடி, இந்த வயசுல மருதாணி? அதுவும் பாதி? மீதிப் பாதிக்கு வேற எவனாவது பாத்து வச்சிருக்கியா?’ என்று கேட்டுவிட்டு அன்று முழுக்கத் தன் பேச்சுக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை நீ கருவியோடு வந்தாய். இலை போடுவதற்கு முன் இரண்டு கையையும் உன் முன்னால் நீட்டினேன். வேண்டாவெறுப்பாக மாட்டினாய். வலது கையில் என் வழக்கமான எண். இடது கையில் நான் கல்யாணத்துக்கு முன்புகூட அவ்வளவு இரத்தத்தோடு இருந்திருக்க மாட்டேன். நீ மறுபடி மாட்டினாய். மறுபடி அதே. உன் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். சின்ன வயதிலிருந்தே உனக்கு ஒன்று புரிந்துவிட்டால் முதலில் காதுதான் சிவக்கும். கருவியை அணைத்தாய். ‘இது ப்ரூஃப் ஆகாதும்மா. ஒரே ஆள், ஒரே கை. இத வச்சு பேப்பர நிறுத்த முடியாது’ என்றாய். மீன் குழம்பை ஊற்றிக்கொண்டு, ‘டாக்டரம்மாகிட்டயாவது சொல்லுடா’ என்றேன். ‘உனக்கு இது புரியாது, நீ சும்மா இரு’ என்று எழுந்துவிட்டாய். எனக்குப் புரியாது என்றால் உனக்கு எதற்கடா காது சிவந்தது?

சரி, ஒரு கட்டுரைதானே, ஊர் உலகத்தில் எவன் எழுதியதெல்லாம் சரியாக இருக்கிறது என்று நீ கேட்பாய். உன் கட்டுரை அலமாரியில் தூங்கப்போகிற கட்டுரையாக இருந்தால் நானும் விட்டிருப்பேன். டாக்டரம்மா உன் நேர்க்கோட்டை நம்பிவிட்டார். அடுத்த மாதத்திலிருந்து திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களுக்கு முகாம் போகிறார். அங்கே இரத்தப் பரிசோதனைக்கு வசதி கிடையாது. உன் கிளிப் சரி என்று சொல்கிற பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். குறைவு என்று சொல்கிறவளை மட்டும்தான் வண்டியில் ஏற்றிக் கூட்டிவருவார்கள். ஏழாம் மாதம், ஒன்பதாம் மாதம் என்று கை நிறைய மருதாணியோடு வருகிறவள்தான் அங்கே அதிகம். இரத்தம் இல்லாத பெண்ணுக்கு நிறைய இருக்கிறது என்று சொல்லிப் பிரசவத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள ஆராய்ச்சி வேண்டியதில்லை. பிள்ளை பெற்றவள் எவளைக் கேட்டாலும் சொல்வாள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். இதை எழுதத்தான் இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். நாம் ஆவடியில் அப்பாவின் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் இருந்தபோது, நீ ஏழாவது படிக்கையில், உன் அப்பாவுக்குச் சர்க்கரை என்று கண்டுபிடித்தார்கள். அப்போது வீட்டில் பார்க்க இன்றைக்குப் போலக் கருவி ஏது. ஒரு நீலத் திரவம் கொடுப்பார்கள். கண்ணாடிக் குழாயில் அதை எடுத்து, எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சையானால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிச் செங்கல் நிறம் வந்தால் ஆபத்து. தினமும் காய்ச்சி நிறத்தை நோட்டில் எழுதி, மாதம் ஒருமுறை ஃபேக்டரி ஆஸ்பத்திரி டாக்டரிடம் காட்ட வேண்டும். அந்த வேலை என்னுடையது. நீ பக்கத்தில் நின்று நிறம் மாறுவதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பாய். உனக்கு ஒளிப் பைத்தியம் அங்கேதான் பிடித்தது என்று நான் நினைப்பதுண்டு.

அந்த டாக்டர் நல்லவர், ஆனால் கத்துவார். மஞ்சளைக் கண்டால் எல்லோர் முன்னாலும், ‘ஏம்மா, புருஷனுக்கு அல்வா கிண்டிப் போடறியா?’ என்பார். எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு கிறிஸ்துமஸ் சமயம், மஞ்சள் வந்த நாளில் பச்சை என்று எழுதினேன். சாளரத்து வெளிச்சத்தில் பிடித்தால் பச்சைபோலத்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் ஆரஞ்சையும் வெளிச்சத்தில் பிடித்தேன். மூன்று மாதம் நோட்டு முழுக்கப் பச்சை. டாக்டர் பார்த்து, ‘பேஷ், இப்படித்தான் இருக்கணும்’ என்று மாத்திரையைக் குறைத்தார். வெயில் காலத்தில் அப்பாவின் காலில் புண் வந்தது, ஆறவில்லை, இரண்டு விரல்களை எடுத்தார்கள். பூட்ஸ் கடித்தது என்று உன்னிடம் சொன்னோம். பூட்ஸ் கடித்தது உண்மைதான். அது ஆறாமல் போனதற்குக் காரணம் பூட்ஸ் இல்லை.

பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். அவர் ஜெபம் சொல்லச் சொன்னார், சொன்னேன். மன்னிப்புக் கிடைத்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. டாக்டரிடம் மட்டும் சொல்லவில்லை. அவர் அந்த நோட்டைப் பார்த்து, அந்த மாத்திரைதான் சரியான அளவு என்று மற்ற நோயாளிகளுக்கும் நினைத்துக்கொண்டாரோ என்னவோ. ஆண்டவர் மன்னித்த பிறகும் தப்பான எண் தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். அதைப் பார்த்து நடக்கிறவனிடம் போய்ச் சொன்னால்தான் அது நிற்கும். இதை நான் கற்றுக்கொண்டது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நேற்றுத்தான் உன் அப்பாவிடமே இதைச் சொன்னேன். இத்தனை வருஷம் கழித்து, அவர் காலில் எண்ணெய் தடவிக்கொண்டே. ‘எனக்கு அப்பவே தெரியும்டி. நான் என்ன குருடா, குழாய்ல ஆரஞ்சு, நோட்ல பச்சை. நீ எழுதினது எனக்கும் சௌகரியமா இருந்துச்சு, பலகாரம் கெடச்சுது’ என்றார். பிறகு, ‘பயகிட்ட சொல்லு. நான் தப்பா நெனைக்கல’ என்றார். நான், அப்பா, டாக்டர் என்று மூன்று பேர் சேர்ந்த ஒரு வேலையில் இரண்டு பேருக்குத் தெரிந்தும் ஒருவரும் வாய் திறக்காமல் இருந்தால் அதற்குப் பெயர் என்னடா? உங்கள் கூட்டு ஆராய்ச்சியில் எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

உனக்குப் பின்னால் அந்த ஜூனியர் பெண் கலைவாணி இருக்கிறாள். நீ போனதும் கருவி அவள் கைக்கு வரும். ஒருமுறை உன்னோடு வீட்டுக்கு வந்து, அடுப்பங்கரையில் எனக்கு வெங்காயம் உரித்துக் கொடுத்தாளே, ‘அண்ணன்தான் ஆன்ட்டி எங்களுக்கு எல்லாம் சொல்லித் தர்றாரு’ என்று. என்ன சொல்லித் தருகிறாய்? தள்ளி விழுந்த புள்ளியைப் பென்சிலால் சுழித்துவிட்டு மேலே போகச் சொல்லியா? அவள் மூன்று வருஷம் உன் கோட்டின்மேல் தன் கோட்டை வரைவாள். வளைகாப்பு, மருதாணி எல்லாம் அவளுக்குத் தெரிந்த விஷயம், என்றாவது ஒருநாள் அவளே கண்டுபிடிப்பாள். அன்றைக்கு நீ வெளிநாட்டில் இருப்பாய். அவளுக்கு உன்னைக் காட்டிக்கொடுப்பதா, தன் பட்டத்தை விடுவதா என்று இரண்டே வழி இருக்கும். இதற்குப் பெயர் பயிற்சி என்றால் அந்தப் பயிற்சி என் பிள்ளைக்கு வேண்டாம்.

சொன்னால் என்ன நடக்கும் என்றும் யோசித்துவிட்டேன், நான் ஒன்றும் யோசிக்காமல் எழுதவில்லை. சார் கத்துவார். கட்டுரை நிற்கும். அந்த வெளிநாட்டுக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம். இன்னொரு வருஷம் காது மடலில் மாட்டி மறுபடி முதலிலிருந்து அளக்க வேண்டியிருக்கும். உன்னோடு படித்தவன் அங்கே கார் ஓட்டுகிற படம் அனுப்புவான், நீ ரயிலில் கூடையோடு நிற்பாய். இதெல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். எனக்கு வலிக்காது என்று நினைக்காதே.

இன்று காலை நானே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டேன். கோபப்படாதே, கேள். டோக்கன் வாங்கிக்கொண்டு கர்ப்பிணிகள் வரிசையில் உட்கார்ந்தேன். எனக்குப் பக்கத்தில் அயனம்பாக்கத்துப் பெண், மூச்சு வாங்கிக்கொண்டு, இரண்டு கையும் சிவக்கச் சிவக்க. ‘எத்தனாவது மாசம்மா?’ என்றேன். ‘எட்டு’ என்றாள். ‘உங்களுக்கு ஆன்ட்டி?’ என்று கேட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உள்ளே போனதும் டாக்டரம்மா எழுந்து நின்று என் கையைப் பிடித்துக்கொண்டார். ‘வாங்கம்மா. உங்க பையன மாதிரி நாலு பேர் கெடச்சா போதும், இந்த ஊர்ல ஒரு பொண்ணும் சோகையில சாக மாட்டா’ என்றார். மேசைமேல் இருந்த கிராமங்களின் பட்டியலைத் திருப்பிக் காட்டினார். என்ன விஷயம் என்று கேட்டார். முட்டி வலிக்கிறது என்றேன். ‘முட்டிக்கு ஏம்மா இங்க வந்தீங்க, இது பிரசவ ஆஸ்பத்திரியாச்சே?’ என்றார். ஆனாலும் பாவம், ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வெளியே ஜெசிந்தா காத்திருந்தாள்.

‘சொல்ட்டியாக்கா?’

‘இல்ல.’

‘அப்ப நான் போய்ச் சொல்லட்டா?’

‘வேணாம். அவன் சொல்லட்டும். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு.’

‘அவன் வர்லன்னா?’

நான் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். டாக்டரம்மாவிடம் எனக்காகச் சொல்லவில்லையோ உனக்காகச் சொல்லவில்லையோ என்று பேருந்து முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன். உன் வாயால் வந்தால் அது ஆராய்ச்சி, திருத்திக்கொண்டாய் என்பார்கள். என் வாயால் வந்தால் அம்மா காட்டிக்கொடுத்த பிள்ளை என்பார்கள். அந்தப் பெயர் உனக்கு வேண்டாம் என்றுதான் இன்று முட்டி வலித்தது. ஒருநாள் வலிக்கலாம். அதற்குமேல் வலித்தால் அது இன்னொரு பச்சை நோட்டாகிவிடும்.

டாக்டரம்மா வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு வார்டு சுற்றி முடித்துத் தன் அறையில் உட்காருவார். ஜெசிந்தாவிடம் விசாரித்துவிட்டேன். நீ பதிவேட்டை எடுத்துக்கொண்டு வா. ஜெசிந்தாவையும் உள்ளே கூட்டிக்கொண்டு போ, அவள் எழுதிய ‘ம’வை அவளே விளக்கட்டும். முடிந்தால் உன் சாரையும் ரயிலேற்றிக் கூட்டிவா, அந்த வாசலை ஒருமுறையாவது மிதிக்கட்டும். நீ அங்கே இருந்தால் நான் வீட்டில் உனக்குச் சமைத்துக்கொண்டிருப்பேன். நீ இல்லையென்றால் டாக்டரம்மாவுக்கு எதிர் நாற்காலியில் நான் இருப்பேன், முட்டிக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டு.

உன் அம்மா